ஜாஸ் படிக்க ஆசைப்படுகிறதா பிள்ளை?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1867-ல் தொடங்கப்பட்ட நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி, ஜாஸ் படிக்க விரும்புவோர் பலர் நேரில் போய்ப் பார்க்கும் இசைக் கல்லூரி. பிள்ளையோடு கிளம்பும் பெற்றோருக்கு எழும் சந்தேகங்கள் சில:

மேடையில் வாசித்துப் பழகும் கலைக்குக் கல்லூரி எதற்கு?

மேதைகள் பலர் கிளப்புகளில் வாசித்தே வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் 1969-ல் இங்கே ஜாஸுக்குத் தனித் துறை தொடங்கினார் கல்லூரித் தலைவர் குந்தர் ஷுல்லர். மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடும் ஹார்ன் வாசித்தவர் அவர். ஜார்ஜ் ரஸ்ஸல், ஜாக்கி பையர்ட் போன்ற கலைஞர்களையே பாடம் நடத்த அழைத்துவந்தார். சமவயதுக் கலைஞர்களோடு தினமும் சேர்ந்து வாசிக்கக் கிடைப்பதுதான் இங்கே பெரிய லாபம்.

நேரில் போனால் எதைக் கவனிப்பது?

1903-ல் திறக்கப்பட்ட ஜோர்டன் ஹாலைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் பயிற்சி ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். டிரம்ஸ்காரர் நடையை மாற்றினால் பியானோ வாசிப்பவர் சட்டென்று காதால் பிடிக்கிறாரா, நொட்டேஷன் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா? ஆசிரியர் எங்கே நிறுத்துகிறார், என்ன திருத்துகிறார்? பிள்ளையின் வாத்தியத்துக்கான ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுதி, ஒரு மாதிரி வகுப்பும் கேட்டுப் பாருங்கள்.

ஆடிஷனில் என்ன எதிர்பார்ப்பார்கள்?

ஜாஸ் துறைகளில் பொதுவாக ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ எனப்படும், எல்லாக் கலைஞர்களுக்கும் தெரிந்த பாடல்களை வாசிக்கச் சொல்வார்கள். மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, அதே கார்டு (chord) வரிசையின் மேல் சொந்தக் கற்பனையை ஓட்ட வேண்டும். கீர்த்தனையைப் பாடிவிட்டுக் கல்பனாஸ்வரத்துக்குப் போவதுபோலத்தான். மனப்பாடம் கைகொடுக்காது.

வேறு படிப்பையும் விட மனமில்லையே?

விட வேண்டியதில்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 5 ஆண்டுகளில் இரண்டு பட்டம் பெறும் வழி இங்கே உண்டு. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் இயற்பியலும்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

இசை பற்றிய கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். நான்கு ஆண்டுக்கு மொத்தச் செலவு, உதவித்தொகை எவ்வளவு, அது ஆண்டுதோறும் தொடருமா, கடன் வாங்க நேருமா என்பவற்றை மட்டும் நீங்கள் கேளுங்கள். ஜாஸ் கலைஞருக்கு நிலையான மாதச் சம்பளம் அரிது என்பதால், பெருங்கடன் இல்லாமல் வெளியே வருவது முக்கியம்.