நீதிபதிக்கும் வாக்கு

ஊரில் நீதவானை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கும். நாங்கள் எழுந்து நிற்பதோடு சரி. கலிபோர்னியாவில் மக்களே நீதிபதியைத் தெரிவு செய்யலாம், இடையில் இறக்கவும் செய்யலாம்.

சாந்தா கிளாராவில் 2018 ஜூன் 5 அன்று அது நடந்தது. மயங்கிக் கிடந்த பெண்ணிடம் பாலியல் வன்முறை புரிந்த ஸ்ரான்போர்ட் மாணவனுக்கு 2016இல் ஆறே மாதச் சிறை விதித்தவர் நீதிபதி ஆரன் பேர்ஸ்கி. மக்கள் அவரை நீக்கினார்கள். அடுத்தவரையும் அப்போது அதே வாக்குச்சீட்டில் தெரிய வேண்டியிருந்தது: அரசதரப்பு வழக்கறிஞர் சின்டி ஹென்ட்ரிக்சனா, சிவில் வழக்கறிஞர் அஞ்செலா ஸ்ரோரியா? ஹென்ட்ரிக்சன் வென்றார்.

கோபம் நியாயம்தான். ஆனால் வாக்குக்குப் பயந்த நீதிபதி முதலில் யாரிடம் கடுமை காட்டுவார்? வக்கீலுக்குக் காசில்லாத எங்கள் பிள்ளைகளிடம்தான். ஆகவே வேட்பாளர் இதுவரை யாருக்காக வாதாடினார், சம்பள வழக்கு, வாடகை வழக்கு தெரிந்தவரா என்று விசாரியுங்கள். பிரசாவுரிமை கிடைக்குமுன் மட்டும் வாக்குப் போட்டுவிடாதீர்கள். நாடு கடத்தவும் கூடும்.