அரவேலையும் தஞ்சைக் கட்டாரியும்



கருக்கரிவாளை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் காவிரிப் பாசன வயல்களில் இறங்கிய பின்னர் அதற்கு வேலை குறைந்துவிட்டது. ஆயினும், இயந்திரம் திரும்ப இயலாத வரப்பு மூலைகளில் அதனை இன்றும் காணலாம். பிறைபோல் வளைந்த அதன் உட்புறத்தில் விரலை மெல்ல வைத்தால் சிறுசிறு பற்கள் தட்டுப்படும். பனைமட்டையின் ஓரத்து முள்வரிசையைக் கருக்கு என்கிறோம் அன்றோ? அரிவாளின் பல்வரிசைக்கும் அதே பெயர்தான். நான் சிறுவனாக இருந்த காலத்தில், அறுவடை நெருங்கும்போது எங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையின் முன்பு பல் தேய்ந்த அரிவாள்கள் குவிந்து கிடக்கும். அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பல் வெட்டிக் கொடுப்பார்.

இரும்பின் ஓரத்தில் இவ்வாறு பள்ளம் வெட்டுவது பயன் கருதிய வேலை. அதே போன்ற பள்ளங்களை, அழகு ஒன்றையே கருதி, கத்தியின் முதுகிலும் பிடியிலும் அரத்தால் அராவிச் செய்யும் வேலையும் ஒன்று உண்டு. அதனை அரவேலை என்று இங்கே குறிப்பிடுவேன். இதைப்பற்றி அறிய வேண்டும் என்ற ஆவல் எனக்கு ஏற்பட்டதற்குக் காரணம், ஒரு மாணவனுக்கு நான் சொன்ன பிழையான விடை.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒருமுறை மாணவர்களைச் சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்குத் தஞ்சைக் கட்டாரி ஒன்றன் முன்பு ஒரு சிறுவன் நெடுநேரம் நின்றான். கைக்காப்பு முழுவதும் கொடிகளும் துளைகளுமாக இருந்த கட்டாரி அது. “ஐயா, இதை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்டான். “அச்சில் வார்த்திருப்பார்கள்” என்று நான் தயங்காமல் கூறிவிட்டேன். ஆசிரியர்களுக்குத் தயக்கம் குறைவு. அந்த விடை தவறு என்பதை நான் அறிந்தபோது அச்சிறுவன் பள்ளியை விட்டே போய்விட்டான்.

வார்ப்பு என்பது உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி உருவாக்குவது. நம் நாட்டுச் செப்புத் திருமேனிகள் அவ்வாறு பிறந்தவை. முதலில் மெழுகில் உருவம் செய்வர். மெழுகில் பிழை நேர்ந்தால் சிறிது மெழுகை அப்பித் திருத்திக் கொள்ளலாம். அரவேலையில் அந்த வசதி இல்லை. அரம் எடுத்துவிட்ட இரும்பு அரப்பொடியாகக் கீழே விழுந்துவிடும். அதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், கைத்தொழில் வகுப்பில், ஓர் இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஆறு பள்ளங்களைச் சமமாக அராவுமாறு எனக்குப் பணித்தார்கள். மூன்றாவது பள்ளம் சற்று ஆழமாகிவிட்டது. அதற்கு ஒப்ப மற்றவற்றை ஆழப்படுத்தினேன்; ஐந்தாவது மேலும் ஆழமாயிற்று. மாலையில் என் கையில் எஞ்சியது ஒரு பழைய சீப்பு போன்ற பொருள்.

கருவியைப்பற்றிச் சிறிது கூற வேண்டும். அரம் என்பது கரிச்சத்து மிகுந்த எஃகினால் ஆகியது. அதன் முகத்தில் நெருக்கமாகப் பற்களை வெட்டி, பின்னர் நெருப்பில் காய்ச்சி, நீரில் தோய்த்துக் கடினமாக்குவர். அப்பற்களை உலகெங்கும் நெடுங்காலம் மனிதர்கள் உளியும் சுத்தியலும் கொண்டு ஒவ்வொன்றாகவே வெட்டினர். 19-ஆம் நூற்றாண்டில்தான் பொறிகள் அவ்வேலையைத் திறம்படச் செய்யத் தொடங்கின. திருவள்ளுவர் அறிவின் கூர்மைக்கு உவமை தேடியபோது வாளை எடுக்கவில்லை, அரத்தையே எடுத்தார். உட்பகையால் தேயும் குடிக்கும் அரத்தால் தேயும் பொன்னையே உவமையாக்கினார். கூர்மை, தேய்த்தல் என்ற அதன் இரு இயல்புகளும் அக்காலத்தார் கண்ணுக்குப் பழகியவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அரங்களில் தட்டை அரம், உருட்டரம், அரைவட்ட அரம், முக்கோண அரம், சதுர அரம் எனப் பல வடிவங்கள் உண்டு. அரத்தின் குறுக்கு வடிவம் எதுவோ, அதுவே பள்ளத்தின் வடிவம். ஆகவே தொழிலாளியிடம் உள்ள எழுத்துகள் மிகச் சில; அவற்றை மாற்றி மாற்றி அடுக்குவதில்தான் அவர் திறமை இருக்கிறது.

கொடி வேலை என்னும் எளிய வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதுகு 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகின் மீது 6 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகக் குறியிட வேண்டும். பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழப் பதினாறு குறிகள் அமையும். கத்தியைப் பிடிகருவியில் இறுக்கிவிட்டு, முதற்குறியில் வலப்பக்க விளிம்பை உருட்டரத்தால் சாய்வாக அராவுக. இரண்டாவது குறியில் இடப்பக்க விளிம்பை அராவுக. மூன்றாவதில் மீண்டும் வலம். எப்பள்ளமும் முதுகின் நடுக்கோட்டைக் கடக்கக் கூடாது. இவ்வாறு இறுதிவரை சென்றபின் மேலிருந்து நோக்கினால், அராவப்படாமல் நடுவே எஞ்சிய இரும்பு, இடமும் வலமுமாக வளைந்து செல்லும் கொடியாகத் தோன்றும். ஒவ்வொரு பள்ளத்தின் அருகிலும் முக்கோண அரத்தால் ஒரு சிறு கீறல் இட்டால் கொடியில் இலை துளிர்த்துவிடும். கொடியை யாரும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடியல்லாத பகுதியைத்தான் அகற்றினார்கள். உருட்டரத்தை இரு பக்கமும் மாற்றாமல் ஒரே சாய்வில் முதுகின் குறுக்கே செலுத்தினால் முறுக்கிய கயிறு தோன்றும். பிரான்சு நாட்டில் லாகியோல் என்னும் ஊர்ப்பெயரால் வழங்கும் மடக்குக் கத்திகளின் முதுகு வில்லில் இத்தகைய வேலையை இன்றும் கையாலேயே அராவிச் செய்வோர் உளர்.

அராவும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. அரத்தின் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்தவை. முன்னே தள்ளும்போது மட்டுமே அவை வெட்டும். பின்னிழுக்கும்போது அழுத்தினால் பற்கள்தாம் மழுங்கும். பற்களின் இடையே அரப்பொடி அடைத்துக்கொண்டால், அது அடுத்த தள்ளலில் வேலையின்மேல் ஆழமான கீறலை உண்டாக்கிவிடும். அதற்காக அரத்தின் மீது சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கொள்வர். கரும்பலகையில் எழுதும் அதே சுண்ணக்கட்டிதான்.

இனி, அரவேலையை எப்போது செய்வது? கத்திக்குத் தோய்ச்சல் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். தோய்ச்சல் பெற்ற எஃகு அரத்தைப் போலவே கடினமாகிவிடுமாதலால், அரம் அதன்மீது வழுக்கிச் செல்லும். ஆனால் முன்பே செய்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. செந்தணலாய்ச் சிவந்த எஃகைத் திடீரெனக் குளிர்விக்கும்போது அதனுள் பெரும் இறுக்கம் உண்டாகிறது. அந்த இறுக்கம், அடி கூரிய பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே சென்று திரளும். அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். துணியைக் கிழிக்க முதலில் பல்லால் ஒரு சிறு வெட்டுச் செய்கிறோமே, அதுபோல. ஆதலின் தேர்ந்த தொழிலாளி பள்ளத்தின் அடியை உருண்டையாக விடுவார். வேலையை வெட்டும் வாய்க்கு அருகே கொண்டுபோக மாட்டார். முதுகைச் சற்று மென்மையாகவே விட்டு வைப்பார்.

இப்போது அந்தக் கட்டாரிக்கு வருவோம். மற்றக் குத்துவாள்களைப் போல இதன் பிடி அலகின் நேர்த்தொடர்ச்சியாக அமைவதில்லை. இரண்டு இரும்புச் சட்டங்கள் முன்கையின் இருபுறமும் பின்னோக்கி நீளும். அவற்றிடையே குறுக்காக அமைந்த பிடியைக் கை பற்றும். முட்டியை மடக்கிக் குத்தினால் அலகு முட்டியின் நேரே பாயும். இவ்வகை ஆயுதம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. தஞ்சைக்கு உரிய சிறப்பு, புறங்கையை மூடும் கைக்காப்பு. இலை போலவும் விரிந்த படம் போலவும் அது மேலே வளைந்து நிற்கும். அதில் துளையிட்டு, உளியால் வெட்டி, அரத்தால் திருத்திக் கொடிகளையும் பறவைகளையும் அமைத்தனர். சிலவற்றில் யாளித் தலைகள் காணப்படும். கோயில் தூணில் கல் தச்சர் செய்த யாளியை இரும்புத் தொழிலாளி உள்ளங்கை அளவில் செய்து பார்த்திருக்கிறார்.

இவற்றுட் பெரும்பாலானவை 16, 17-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாயக்கர் ஆட்சி தஞ்சையில் நடந்த காலம் அது. பலவற்றின் அலகுகள் ஐரோப்பாவிலிருந்து வந்த வாள்களை வெட்டி அமைத்தவை என்பது வியப்பூட்டும் செய்தி. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் வணிகம் செய்தனர். இரகுநாத நாயக்கர் 1620-இல் தரங்கம்பாடியில் டேனியருக்கு இடம் அளித்தார். அயல்நாட்டு அலகை மதித்து வாங்கியவர்கள் அதைப் பிடிக்கும் பகுதியை மட்டும் தம் ஊர்க் கைகளிடமே விட்டார்கள்.

நாயக்கருக்குப்பின் மராட்டிய மன்னர் ஆண்டனர். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, கும்பெனி அரசு தஞ்சையைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அரண்மனையின் சரசுவதி மகால் ஏடுகள் தஞ்சையிலேயே தங்கின. 1918-இல் அந்நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆயுதசாலைக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. சிறந்தவை எனக் கருதிய சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்திற்கு எடுத்து வைத்துவிட்டு, எஞ்சிய பெருங்குவியலை 1860-களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டனர். சென்னை மாகாணச் சிவில் பணியில் இருந்த வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் இதனை 1878-இல் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால், உடைந்தவை இருந்தன என்பதற்கே பெரிய சான்று இராது. தப்பிய சில கட்டாரிகள் கடல் கடந்தும் சென்றன. ஜார்ஜ் ஸ்டோன் என்ற அமெரிக்கர் சேர்த்து வைத்தவை, 1935-இல் அவர் மறைந்தபின் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன.

அவ்வதிகாரிகளை ஏசுவது எனக்கு எளிதன்று. எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு பெட்டி நிறைய இரும்புச் சாமான்கள் இருந்தன. பாட்டியாருடைய பாக்குவெட்டியும் அவற்றிடையே கிடந்தது. அதன் இரு கைகளின் முதுகிலும் சரம் சரமாகப் பள்ளங்கள் உண்டு. சிறுவனாக இருந்தபோது நகத்தை அவற்றின்மீது ஓட்டிக் கிறுகிறு என்று ஒலி எழுப்பியிருக்கிறேன். வேலை மிகுந்த நாள். பழைய இரும்பு வாங்குபவர் தராசுடன் வாயிலில் நின்றார். பெட்டியோடு எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். அரவேலையைப்பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதற்குப்பின். தராசில் அராவிய இரும்பு அராவாத இரும்பைவிட எடை குறைவாகத்தானே இருக்கும்!

நீங்கள் எழும்பூருக்குச் செல்லும்போது அக்கட்டாரிகளின் முன்பு சற்று நில்லுங்கள். முன்புறத்தைப் பார்த்தவுடன் நகர்ந்துவிடாமல், துளைகளின் உட்சுவரை ஒளி படும் பக்கமாகச் சாய்ந்து பாருங்கள். வெளிமுகம் பலர் கைபட்டு மெருகேறிக் கீறலின்றி இருக்கலாம். உட்சுவரை அவ்வாறு மெருகிட யாருக்கும் எளிதன்று. அங்கே, ஒரு பக்கமாகவே சாய்ந்து செல்லும் மெல்லிய இணைகோடுகள் தென்படுமாயின், அவை அரத்தின் முன்தள்ளலில் விழுந்த கோடுகள். அச்சில் வார்த்த துளையில் அக்கோடுகள் தாமாக உண்டாவதில்லை.