வேம்பு காக்கும் காய்கறி



ரசாயனப் பூச்சிக்கொல்லி படாத கத்தரியையும் வெண்டையையும் இன்று பலர் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காய்களைப் பூச்சியிடமிருந்து காப்பது எது தெரியுமா? பல தோட்டங்களில் நம் மண்ணின் வேம்புதான்.

5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கினால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தயார். இதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் புழுக்களை இலையைத் தின்னவிடாது. அவற்றின் வளர்ச்சியையும் தடுக்கும். வெயிலில் இதன் வீரியம் குறையும் என்பதால், மாலையில் தெளிப்பதே நல்லது.

வேம்புக்காக ஒரு சட்டப் போராட்டமும் நடந்தது. வேப்பெண்ணெயின் பூஞ்சைக்கொல்லி குணத்துக்கு அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றிருந்தார்கள். 'இது இந்திய விவசாயிகளுக்கு முன்பே தெரிந்த அறிவு' என்று இயற்கை ஆர்வலர்கள் போராட, 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது.

சரி, ரசாயனம் படாத காயை எப்படி அறிவது? பொட்டலத்தில் வரும் இயற்கை விளைபொருளை வாங்கும்போது 'ஜைவிக் பாரத்' என்ற சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் விவசாயியிடம் நேரடியாக வாங்கினால், பூச்சிக்கு என்ன தெளித்தார் என்று கேளுங்கள். கேட்டு வாங்குவது நம் உரிமை. அக்கறையோடு விளைவிப்பவருக்கு அதுவே ஊக்கம்!