தென்வானத்து நீலப் பெருமீன்

மாசி மாதத்து இரவில், ஒன்பது மணி அளவில், தேனியிலோ சின்னமனூரிலோ கம்பத்திலோ தெற்கு நோக்கி நிற்கும் நேயர்கள், லண்டன் நகரத்தார் தம் ஊரிலிருந்து என்றுமே காணமுடியாத விண்மீன் ஒன்றைக் காணலாம். வலப்புறம் தாழ்வாக ஒளிர்வது அகத்திய மீன். அதற்கு மேலே, நல்ல உயரத்தில் சுடர்வது சிரியஸ். இரண்டிற்கும் இடைப்பட்ட உயரத்தில், சற்று இடப்புறம் தள்ளி, ஒளியில் அவற்றினும் இளைத்ததாய் நிற்பதே நாவோஸ். பள்ளத்தாக்கின் தென்கோடியை மலைகள் அடைத்திருப்பினும் கவலையில்லை. அடிவானிலிருந்து நாற்பது பாகை உயரத்திற்கு அது ஏறிவிடுகிறது.

எளிய தோற்றங்கண்டு இதனை எள்ளற்க. இதன் நிறை சூரியனைப் போல் இருபது மடங்குக்கு மேற்பட்டது; ஒளியாற்றலோ பல இலட்சம் மடங்கு. ஆயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதாலும், ஆற்றலில் பெரும்பகுதி நம் கண் அறியாப் புறஊதாக் கதிராய்ப் போவதாலும் இப்பெருமை நமக்குப் புலப்படுவதில்லை.

மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 40,000 டிகிரி. இவ்வெப்பம் அறிஞர்களையே ஒருமுறை மயக்கிற்று. 1896-இல் ஹார்வர்டு வானியலாளர் பிக்கரிங், இம்மீனின் நிறமாலையில் புதிய கோடுகளைக் கண்டு, அவை ஹைட்ரஜனுக்கு உரியவை என்று கருதினார். ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியமே அவற்றுக்குக் காரணம் என்று 1913-இல் நீல்ஸ் போர் விளக்கினார். அவருடைய அணுக் கொள்கைக்கு அது வலுவான சான்றாயிற்று. நம் பள்ளத்தாக்கின் மேல் தவழும் ஒரு மீன் அணுவின் அமைப்புக்குச் சாட்சி சொன்னது என்பதே எனக்குப் பெருவியப்பு.

பொருள் மிகுந்தால் வாழ்நாளும் நீளும் என எண்ணத் தோன்றும். நடப்பதோ நேர்மாறு. மடையை அகலத் திறந்துவிட்ட பெரிய கண்மாய், கசிவாய் நீர்விடும் சிறு குளத்திற்கு முன்பே வற்றிப்போவதில்லையா? மேலே அழுத்தும் பெருஞ்சுமையால் மையம் கடுமையாய்க் கொதிக்க, ஹைட்ரஜன் மிக விரைவில் தீர்கிறது. சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். நாவோஸுக்கோ சில பத்து இலட்சம் ஆண்டுகளே. போதாக்குறைக்கு, நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தன் உடற்பொருளையும் காற்றாய் வீசிக்கொண்டிருக்கிறது.

எரிபொருள் தீர்ந்தபின் இத்தகைய பெருமீன்களின் மையம் குலைந்து விழும். பெரும்பாலும் மேற்புறம் வெடித்துச் சிதறும். 1987-இல், பெரிய மெகல்லன் மேகத்தில் அவ்வாறு வெடித்ததும் ஒரு நீலப் பெருமீனே. அதன் ஒளி நம்மை அடைவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே அதன் நியூட்ரினோத் துகள்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் நாட்டிலும் நிலத்தடிக் கருவிகளில் பதிவாகியிருந்தன.