கோடையில் குவியும் கொண்டாட்டங்கள்: மட்டாஞ்சேரியின் பல நாட்காட்டிகளும் குறைந்துவரும் சமூகங்களும்

கொச்சி: 2022-ம் ஆண்டு ஏப்ரல் 14-ம் தேதி தமிழ்ப் புத்தாண்டும் மகாவீரர் ஜயந்தியும் ஒரே நாளில் வந்தன. கிறிஸ்தவர்களுக்கு அது பெரிய வியாழன். மறுநாள் விஷுவும் புனித வெள்ளியும் சேர்ந்து வந்தன. அன்று சூரியன் மறைந்ததும் யூதர்களின் பாஸ்கா பண்டிகை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். இத்தனையும் இஸ்லாமியர்களின் ரமலான் நோன்பு மாதத்துக்குள் நிகழ்ந்தன.

நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு இது நாட்காட்டியில் மட்டும் காணக்கூடிய தற்செயல். ஆனால், கேரளத்தின் கொச்சி நகரில் உள்ள மட்டாஞ்சேரியில் இந்தப் பண்டிகைகள் அனைத்துக்கும் உரிய மக்கள் சில தெருக்கள் இடைவெளியில் வாழ்ந்து வந்துள்ளனர். மார்ச் முதல் மே வரையிலான கோடைக்காலம் இங்கு ஒன்றன்பின் ஒன்றாகத் திருவிழாக்கள் வரும் பருவமாகும்.

அந்த விழாக்கள் ஏன் கோடையில் குவிகின்றன, அவற்றின் தேதிகள் எவ்வாறு கணிக்கப்படுகின்றன, அவற்றுள் சில ஏன் மங்கி வருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெள்ளம் திறந்த துறைமுகம்

1341-ம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளமே கொச்சியின் வரலாற்றை மாற்றியதாகக் கருதப்படுகிறது. பண்டைய முசிறித் துறைமுகம் மண்மூடித் தன் சிறப்பை இழக்க, தெற்கே கொச்சியில் புதிய இயற்கைத் துறைமுகம் உருவானது. அருகில் வைப்பின் தீவு தோன்றியதை நினைவுகூரும் வகையில் 'புதுவைப்பு ஆண்டு' என்ற தனி ஆண்டுக் கணக்கும் அப்பகுதியில் வழங்கியது.

மிளகு, ஏலக்காய், இஞ்சி வணிகம் பல திசைகளிலிருந்தும் மக்களை ஈர்த்தது. கோவாவில் போர்த்துகீசியரின் சமய நெருக்கடிக்கு அஞ்சிய கொங்கணி பேசும் கௌட சாரஸ்வத பிராமணர்கள் 16-ம் நூற்றாண்டில் இங்கு வந்தனர். கொடுங்கல்லூரிலிருந்தும் மேற்கு நாடுகளிலிருந்தும் வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இடம் அளித்தார். குஜராத்தி வைணவர்களும் ஜைனர்களும், கட்ச் பகுதியைச் சேர்ந்த மேமன் இஸ்லாமியர்களும் வணிகத்துக்காகக் குடியேறினர். தமிழகத்திலிருந்து செட்டியார்களும் பிராமணர்களும் வண்ணார் சமூகத்தினரும் வந்து சேர்ந்தனர்.

சில சதுர கிலோமீட்டர் பரப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் இங்கு வாழ்வதாக உள்ளூர் வரலாற்றாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஒவ்வொரு சமூகமும் தன் மொழியையும் சமையலையும் வழிபாட்டையும் போலவே தன் நாட்காட்டியையும் உடன் கொண்டுவந்தது.

இதற்குச் சான்றாக நிற்பது பரதேசி யூத ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டு. 1760-ம் ஆண்டு வணிகர் எசக்கியேல் ரஹபி எழுப்பிய இக்கூண்டின் கடிகார முகப்புகளில் ரோமன், எபிரேய, மலையாள எண்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே கடிகாரத்தில் மூன்று மக்கள் தத்தம் எழுத்தில் நேரம் பார்த்த ஊர் இது.

ஒரு நாள் வேறுபாடு ஏன்?

சூரியன் மேஷ ராசியில் நுழைவதே தமிழ்ப் புத்தாண்டுக்கும் விஷுவுக்கும் பொதுவான அடிப்படை. ஆயினும் சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வருகின்றன. சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி வருகின்றன.

தமிழ்க் கணக்கின்படி, சூரியன் மறைவதற்கு முன் ராசி மாறினால் அன்றே சித்திரை முதல் நாள். விஷுவின் மையச் சடங்கோ விடியலில் கண்விழித்ததும் கணி காண்பது. எனவே ராசி மாற்றத்துக்கு அடுத்து வரும் விடியலே விஷு நாளாகிறது. 2022-ல் ராசி மாற்றம் காலையிலும் 2023-ல் பிற்பகலிலும் நிகழ்ந்ததால், இரு ஆண்டுகளிலும் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14-லும் விஷு ஏப்ரல் 15-லும் வந்தன. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அது விடியலுக்கு முன்பே நிகழ்ந்ததால் இரண்டும் ஏப்ரல் 14-ம் தேதியே கொண்டாடப்பட்டன.

விஷுக்கணியில் உருளியில் அரிசி, பொன்னிற வெள்ளரி, தேங்காய், நாணயம், புத்தாடை, கண்ணாடி, கண்ணன் திருவுருவம் ஆகியவற்றுடன் சரக்கொன்றைப் பூங்கொத்து கட்டாயம் இடம்பெறும். பெரியவர்கள் இளையோருக்குக் 'கைநீட்டம்' அளிப்பர். தமிழ்க் குடும்பங்களில் மாங்காயும் வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்த பச்சடி இலையில் முதலிடம் பெறுகிறது.

இதற்குச் சில வாரங்கள் முன்பே கொங்கணி, மராத்தி மக்களுக்குச் சந்திரமானப் புத்தாண்டு வந்துவிடுகிறது. கொங்கணியர் இதனைச் 'சம்சார் பாட்வோ' என்றும் மராத்தியர் 'குடீ பாட்வா' என்றும் அழைக்கின்றனர். குஜராத்தியருக்கோ தீபாவளிக்கு மறுநாள்தான் புத்தாண்டு. அவர்களது கோடைக் கொண்டாட்டம் பங்குனிப் பௌர்ணமியையொட்டிய ஹோலியுடன் தொடங்குகிறது. அன்று மட்டாஞ்சேரியின் குஜராத்தித் தெருவில் வண்ணப்பொடி பறக்கும்.

ஒரே நிலவு, பல பண்டிகைகள்

சந்திரனை அடிப்படையாகக் கொண்ட ஆண்டுக்கு 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. இந்த இடைவெளியை ஒவ்வொரு மரபும் எவ்வாறு கையாள்கிறது என்பதைப் பொறுத்தே பண்டிகைகளின் பருவம் அமைகிறது.

இந்துப் பஞ்சாங்கம் சுமார் இரண்டரை முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிக மாதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. யூத நாட்காட்டி 19 ஆண்டுகளில் 7 முறை கூடுதல் மாதம் சேர்க்கிறது. முறைகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே என்பதால், இவ்விரு மரபுகளின் பண்டிகைகள் அடிக்கடி ஒரே முழுநிலவில் சந்திக்கின்றன. 2025-ல் ஹோலியும் யூதர்களின் பூரிம் பண்டிகையும் மார்ச் 14-ம் தேதியே வந்தன. அதற்கடுத்த முழுநிலவான ஏப்ரல் 12-ம் தேதி பாஸ்கா தொடங்கியது.

மார்ச் 21-ம் தேதியிலோ அதன் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். அதற்கு முந்தைய பெரிய வியாழன் இரவில் கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களில் புளிக்காத மாவில் 'பெசஹா அப்பம்' செய்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பாலுடன் குடும்பத் தலைவர் பகிர்ந்தளிப்பார். யூதர்களும் பாஸ்காவில் புளிக்காத அப்பத்தையே உண்கின்றனர். பண்டிகையின் பெயரும் உணவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. போர்த்துகீசிய சமய ஆதிக்கத்தை எதிர்த்து 1653 ஜனவரி 3-ம் தேதி சிரியன் கிறிஸ்தவர்கள் 'கூனன் குரிசு' உறுதிமொழி ஏற்றதும் இதே மட்டாஞ்சேரியில்தான்.

இஸ்லாமிய நாட்காட்டி கூடுதல் மாதம் எதையும் சேர்ப்பதில்லை. எனவே ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2024-ல் கேரளத்தில் ஈகைப் பெருநாள் ஏப்ரல் 10-ம் தேதியும் விஷு ஏப்ரல் 14-ம் தேதியும் வந்தன. நோன்புக் கஞ்சியும் விஷுப் பட்டாசும் ஒரே வாரத்தில் கடைவீதியைப் பகிர்ந்துகொண்டன. 2025-ல் பெருநாள் மார்ச் 31-க்கு நகர்ந்தது. இனி இவ்விரு பண்டிகைகளும் ஏப்ரலில் அருகருகே வர 2050-களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டும்.

கோயிலும் வீதியும்

மட்டாஞ்சேரியில் கோடை விழாக்களின் பொது முகமாக விளங்குவது, செறளாயி பகுதியில் உள்ள கொச்சித் திருமலைக் கோயில். கொங்கணி சமூகத்தினரின் இத்தலத்தில் வேங்கடாசலபதி முதன்மைத் தெய்வம். ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் ஆறாட்டுத் திருவிழாக்களில் ஒன்று ஏப்ரல் மாதத்தையொட்டி வருகிறது.

இச்சமூகத்தின் வரலாறு முழுவதுமே இடப்பெயர்வின் வரலாறு. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சி மன்னருடன் மோதல் முற்றியபோது, கொங்கணியர் தங்கள் தெய்வத் திருமேனியையும் எடுத்துக்கொண்டு திருவிதாங்கூரின் ஆலப்புழைக்குச் சென்றனர். அத்திருமேனி 1853-ம் ஆண்டுதான் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது.

1904-ம் ஆண்டு எழுப்பப்பட்ட தர்மநாத் ஜைனக் கோயிலில் மகாவீரர் ஜயந்தி சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. இக்கோயில் வளாகத்தில் நண்பகல் வேளையில் புறாக்களுக்குத் தானியம் இடும் வழக்கம் வெளியூர்ப் பயணிகளையும் ஈர்க்கிறது.

திருவிழாவுக்கு உடுத்தும் வெள்ளை முண்டுக்குப் பின்னால் ஒரு தமிழ்ச் சமூகத்தின் உழைப்பும் உள்ளது. டச்சு ஆட்சிக் காலத்தில் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வழித்தோன்றல்கள், அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் இன்றும் கையாலேயே துணி துவைக்கின்றனர். 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் அமைத்த கட்டடத்தில் வண்ணார் சங்கத்தின் கீழ் இத்தொழில் நடைபெறுகிறது. துணிகளைக் கஞ்சியிட்டு, முறுக்கிய கயிற்றுக் கொடிகளின் இழைகளுக்கிடையே செருகிக் கிளிப் இல்லாமலே உலர்த்துவது இவர்களது முறை. எனினும் அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டதால், தொழிலில் இருப்போர் பெரும்பாலும் முதியவர்களே.

பத்துப் பேர் இல்லாத ஆலயம்

பண்டிகையின் தேதியைக் கணக்கு தீர்மானிக்கிறது. பண்டிகை நடைபெறுமா என்பதை மக்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. மட்டாஞ்சேரியில் இதனை உணர்த்துவது 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம்.

ஒரு காலத்தில் இங்குள்ள யூத இல்லங்களில் பாஸ்காவுக்கான ஆயத்தம் மாதக்கணக்கில் நீளும். வீட்டை வெள்ளையடித்து, பாத்திரங்களை மாற்றி, அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி வைப்பது வழக்கம். 1948-ல் இஸ்ரேல் உருவான காலத்தில் கேரளம் முழுவதும் சுமார் 2,400 யூதர்கள் இருந்தனர். 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் அங்கு குடிபெயர்ந்தனர். 1968-ல் ஆலயத்தின் 400-வது ஆண்டு விழாவில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி பங்கேற்றார். அதன் பின்னரும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

யூதத் தெருவில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் 96 வயதில் காலமானார். அவரது இறுதிக் காலத்தில் அவரைக் கவனித்துக்கொண்டவர்களும், கடையைத் தொடர்ந்து நடத்தியவர்களும் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தினர். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவாவும் மறைந்தார். யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் தேவை. உள்ளூரில் அந்த எண்ணிக்கை இல்லாததால், வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேரும் நாட்களில் மட்டுமே அது நிறைவேறுகிறது.

ஆலயம் இன்று பாதுகாக்கப்பட்டுள்ளது. நாள்தோறும் பார்வையாளர்கள் வருகின்றனர். கொச்சி யூதர்களின் பண்டிகை மரபோ அவர்களுடனேயே கடல் கடந்துவிட்டது. இஸ்ரேலின் நெவாடிம் போன்ற குடியிருப்புகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் அதனைப் பேணுகின்றனர். கட்டடத்தைக் காக்க நிதியும் நிபுணர்களும் போதும். பண்டிகையைக் காக்க அதனைத் தம்முடையதாகக் கருதும் குடும்பங்கள் தேவை என்பதையே இது காட்டுகிறது.

மற்ற சமூகங்களின் நிலை

மட்டாஞ்சேரியின் நறுமணப் பொருள் வணிகம் சுருங்கியதன் தாக்கம் பிற சமூகங்களிலும் தெரிகிறது. கூவி ஏலம் விட்டு மிளகு விலை பேசிய சந்தை கணினித் திரைக்கு மாறியது. சரக்குப் பெட்டகப் போக்குவரத்துக்கு 2011-ல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டது. பண்டகசாலைகள் பல உணவகங்களாகவும் பழம்பொருள் கடைகளாகவும் உருமாறின. குஜராத்தி, தமிழ்க் குடும்பங்களின் இளையோர் பலர் எர்ணாகுளத்துக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர்.

ஆயினும் யூத ஆலயத்தின் நிலை எல்லோருக்கும் வரும் என்று கூற முடியாது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, ஆறாட்டுக்கும் பெருநாளுக்கும் ஊர் திரும்புகின்றன. விஷுவுக்கு மாற்று மதத்தவர் வீடுகளுக்குப் பாயசம் செல்வதும், பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வருவதும் கேரளத்தில் இயல்பானவை. பல சமூகங்கள் நெருங்கி வாழும் மட்டாஞ்சேரியில், இவ்வழக்கத்தால் சிறிய சமூகத்தின் பண்டிகையும் அண்டை வீட்டாரின் நினைவில் தங்கிவிடுகிறது.

பயணிகள் கவனத்துக்கு

இவ்விழாக்களைக் காண மார்ச் இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை ஏற்ற காலம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி என்பதால் காலையும் மாலையும் சுற்றிப் பார்ப்பது நல்லது. பரதேசி ஜெப ஆலயம் சனிக்கிழமைகளிலும் யூத விடுமுறை நாட்களிலும் பார்வையாளர்களுக்கு மூடப்படும். மட்டாஞ்சேரி அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. விழாத் தேதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், பயணத்துக்கு முன் அந்தந்தக் கோயில் மற்றும் சமூக அமைப்புகளின் அறிவிப்புகளைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.