தெறித்து வரும் அலையும் உணர்கொம்பின் அமைப்பும்

உயர்ந்த மதிலொன்றின் எதிரே நின்று கூவுபவன் தன் குரலை இருமுறை கேட்கின்றான். செய்மதிகளைக் கொண்டு இடமறியும் கருவிக்கும் இத்தகைய தொல்லை உண்டு. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இயங்கும் ஜீ.பீ.எஸ். செய்மதிகளிலிருந்து அலை வந்துசேரும் நேரத்தை அளந்தே கருவி தூரத்தைக் கணிக்கின்றது. அவ்வலை தகரக் கூரையிலோ கண்ணாடிச் சுவரிலோ பட்டுத் தெறித்தும் வருமாயின், நேரே வந்த அலையோடு கலந்து கணக்கைக் குழப்பிவிடும்.

வளிமண்டலத்தால் நேரும் பிழையை, அயலிலுள்ள மற்றொரு நிலையத்தின் அளவையோடு ஒப்பிட்டுப் பெரும்பாலும் நீக்கலாம். தெறிப்பால் வரும் பிழையோ அவ்வவ்விடத்துக்கே உரியது, அங்ஙனம் நீங்காது. ஆகவே, அதனை வாயிலிலேயே தடுத்தல் வேண்டும். அவ்வாயில்தான் அன்ரெனா எனப்படும் உணர்கொம்பு.

ஜீ.பீ.எஸ். அலையின் மின்புலம் வலஞ்சுழியாகச் சுழன்றுகொண்டே முன்னேறுவது. உலோகத்திற் பட்டுத் தெறித்ததும், ஆடியில் வலக்கை இடக்கையாகத் தோன்றுவது போல, அது இடஞ்சுழியாக மாறிவிடுகின்றது. வலஞ்சுழிக்கே இசைய அமைத்த உணர்கொம்பு இவ்வலையைப் பெரிதும் புறக்கணிக்கும். ஆயின், இருமுறை தெறித்த அலை மீண்டும் வலஞ்சுழியாகிப் பழைய வேடத்திலேயே வந்து நிற்கும்! நிலத்தைத் தடவினாற்போலச் சாய்ந்து பட்டுவரும் அலையும் பெரும்பாலும் சுழி மாறுவதில்லை.

இவற்றைத் தடுக்கவே 1980களில் அமெரிக்காவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்தில் தடைவளைய உணர்கொம்பு உருவாயிற்று. நடுவிலுள்ள உணர்கொம்பைச் சூழ்ந்து, உலோகத் தட்டில், ஒன்றனுள் ஒன்றாக வட்டப் பள்ளங்கள் அமைந்திருக்கும். அவற்றின் ஆழம் அலைநீளத்தின் காற்பங்கைச் சற்றே விஞ்சியது. தட்டின் விளிம்பிலிருந்து தவழ்ந்து வரும் அலை அப்பள்ளங்களைக் கடக்கமாட்டாது.

இத்துணைப் பாடு எதற்கு? அவுஸ்திரேலியாக் கண்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதமமீற்றர் நகர்கின்றது. 19 சதமமீற்றர் நீளமுள்ள அலையின் அவத்தையைக் கொண்டு அதனை அளக்குங்கால், தெறித்து வந்த ஓர் அலை மாத்திரமே 5 சதமமீற்றர் வரை பிழை விளைக்கவல்லது.

கைத்தொலைபேசியின் சிறிய உணர்கொம்போ, பெரும்பாலும் ஒரு கோட்டில் அதிரும் அலைக்கென அமைந்தது. வலம், இடம் என்ற பேதம் அறியாது. மாடிக் கட்டடங்களிடையே அது நம்மை அடுத்த தெருவில் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். நேர் அலையைக் கட்டடம் முற்றாக மறைத்துவிடின், தடைவளையமும் நமக்கு அதிகம் உதவாது.

நிலையாக நாட்டிய உணர்கொம்பில் எஞ்சும் பிழைக்கு ஓர் இயல்பு உண்டு. ஜீ.பீ.எஸ். செய்மதிகள் வானில் அதே நிலைக்கு மீள்வதற்கு ஏறத்தாழ 23 மணி 56 நிமிடம் செல்லும். சுற்றுப்புறம் மாறாதிருப்பின், முதல் நாள் கண்ட பிழை மறுநாள் நான்கு நிமிடம் முந்தி அதே வடிவில் தோன்றும். அதனைக் கொண்டே அது தெறிப்பின் விளைவென ஆய்வாளர் இனங்காண்கின்றனர்.