கரையோரத்தின் கதையை எழுதியவர்



புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பழைய பாதையில் எலுவன்குளம் இருக்கிறது. ஊருக்கு அப்பால் கலா ஓயாவின் சப்பாத்துப் பாலம். மாரியில் ஆறு பெருகினால் அது நீரில் மூழ்கிவிடும். ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காடு. அக்காட்டினுள் இருக்கும் பொன்பரப்பியில் பண்டை மக்களின் ஈமத் தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஆய்வாளர் அவற்றை ஒப்பிடுவர்.

இத்துணைப் பழைமை வாய்ந்த கரையோரத்தின் வரலாற்றைத் தேடி எழுதிய இம்மண்ணின் மைந்தர் யார்? இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் நான் மாணவரிடம் இவ்வினாவைக் கேட்பதுண்டு. பெரும்பாலும் விடை வருவதில்லை.

அவர்தான் சைமன் காசிச்செட்டி. புத்தளம் களப்புக்கு அக்கரையில், கற்பிட்டியில் 1807 இல் பிறந்தவர். புத்தளம் நீதிமன்றில் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் மணியகாரராகவும் கடமையாற்றினார். இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற தொடக்ககாலச் சுதேசிகளில் இவரும் ஒருவர். வழக்குகளும் காணிப் பிணக்குகளும் நாளும் வந்து சேரும் பதவிகள் அவை. ஊர்களையும் குடிகளையும் அவற்றின் வழக்காறுகளையும் அறிய அப்பதவிகள் அவருக்கு வாய்ப்பளித்திருக்கும் எனலாம்.

1834 இல், தமது 27 ஆவது வயதளவில், 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். கசற்றியர் என்பது அரசாங்க வர்த்தமானி அன்று. இடங்களை அகரவரிசையில் வைத்து விளக்கும் அகராதி. இலங்கையின் மாவட்டங்கள், ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள் யாவும் அதில் இடம்பெற்றன. பரதவரின் வரலாறு பற்றியும், புத்தளப் பகுதியின் தம்மன்னா நுவர இடிபாடுகள் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. 1859 இல் வந்த 'தமிழ் புளூராக்' ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வாழ்வைச் சுருக்கமாகக் கூறுகிறது. அடுத்த ஆண்டிலேயே அவர் காலமானார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. மக்களைச் சாதிவாரியாக வகுத்து நோக்கிய அக்கால ஆட்சியாளரின் பார்வை அவரிடமும் உண்டு. புலவர் வரலாற்றில் செவிவழிக் கதையும் உண்மையும் கலந்தே வருகின்றன. எல்லாவற்றிலும் பெரிய குறை, இந்நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தமையே. தம் கரையின் கதையைக் கரையோர மக்களே படிக்க முடியாது போயிற்று.

அந்தப் பணியைத் தமிழில் தொடர்வது நம் கடன். வாடிகளின் பெயர்கள், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த வழக்காறுகள் எனத் தொகுக்க வேண்டியவை பல. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவர்தம் பழைய ஊர்களின் நினைவுகளும் இன்று இக்கரையின் வரலாற்றில் ஒரு பகுதியாகிவிட்டன.

எலுவன்குளத்து மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பெயரில் வரும் குளம் எது, அப்பெயர் எவ்வாறு வந்தது என்று மூத்தோரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். காசிச்செட்டி தொடங்கிய பணி அங்கே தமிழில் தொடரும்.